டிரோனுக்குப் போன சிங்க் பெட்டி

போன மாதம் என் கைபேசிக்கு ஒரே செய்தி பல பேரிடமிருந்து வந்தது. ஒலிச்சேர்க்கைக் கூடங்களில் படத்தையும் சத்தத்தையும் ஒன்றாக ஓடவைக்கும் கருவியைச் செய்துவந்த வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று, இனி அதைச் செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டதாம். அனுப்பியவர்கள் எல்லோரும் கீழே அழுகிற முகம் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கருவியின் ஆளியைப் போட்டுப் பார்த்தவரல்லர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என்னோடு வேலை செய்த பிள்ளை ஒருத்தி குரல் பதிவே அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்கள் இதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேணும். ஒரு காலம் முடிஞ்சுபோச்சு."

காலம் முடிந்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பெட்டி எப்படிப் போனது என்பது தெரியும். அதை எழுதுகிறேன். அழுகிற முகம் போடுவதா சிரிக்கிற முகம் போடுவதா என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

எனக்குச் சொந்த இடம் மானிப்பாய். மிஷன் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழு, அதில் யார் அரை மூச்சு பிந்திப் பாடுகிறார்கள் என்று கண்டுபிடித்து முறைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம். அந்தப் பழக்கத்துக்குச் சம்பளம் தரும் இடம் கொழும்பில் இருக்கிறது என்று அறிந்து போனேன். விளம்பரப் படங்களுக்கும் நாடகங்களுக்கும் ஒலி சேர்க்கும் ஒரு கூடத்தில் வயர் சுருட்டத் தொடங்கி, ஒலித் தொகுப்பாளராக வெளியே வந்தேன். அந்த வருடங்களைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சவர்க்காரத்தை எத்தனை விதமாகத் தண்ணீரில் போட்டாலும் ஒரே சத்தம்தான் வரும் என்பதைக் கற்றுக்கொண்டேன். போர் முடிந்த பிறகு, திருநெல்வேலியில் பலாலி வீதியோரம் புதிதாக ஒரு ஸ்ரூடியோ திறக்கிறார்கள், ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊருக்குத் திரும்பினேன்.

பெட்டி எங்களோடு சேர்ந்தது அப்போதுதான். நாங்கள் அதைச் சிங்க் பெட்டி என்போம். வெளிநாட்டிலிருந்து பழசாக வாங்கி அனுப்பியிருந்தார்கள். துறைமுகத்தில் பெயரைக் கேட்டுவிட்டு, குசினியில் பொருத்துவதென்றால் குழாய் எங்கே என்று கேட்டார்களாம்.

அது என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். படம் ஒரு நாடாவில் இருக்கும், சத்தம் வேறொரு நாடாவில் இருக்கும். படப்பிடிப்பின்போதே இரண்டு நாடாவிலும் நேரக்குறி பதிவாகும். இத்தனையாவது மணி, இத்தனையாவது நிமிடம், இத்தனையாவது செக்கன், அந்தச் செக்கனுக்குள் இத்தனையாவது படம் என்று ஓடிக்கொண்டேயிருக்கும் எண். ஆனால் ஒவ்வொரு மெசினுக்கும் உள்ளே ஒரு மணிக்கூடு உண்டு, எந்த இரண்டு மணிக்கூடும் ஒத்துப்போகாது. ஒன்று சற்று முந்தும், மற்றது சற்றுப் பிந்தும். சிங்க் பெட்டி ஒரு மெசினின் எண்ணைக் கேட்டுக்கொண்டே மற்றதையும், கொம்பியூட்டரையும், அந்த எண்ணுக்கு இழுத்துப் பிடித்துவைத்திருக்கும். வாய் திறக்கும்போது சொல் வரும். கதவு மூடும்போது சத்தம் வரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. அது பிழைப்பதற்கு ஏற்ற குணமில்லை என்பதை எங்கள் பணிப்பாளர் வந்த பிறகு விளங்கிக்கொண்டேன்.

அவர் பெயர் பிறேம். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். முதல் நாளே எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, "இஞ்சை சேர், மிஸ் எண்டு ஒண்டும் இல்லை. நான் பிறேம். நீங்கள் ரஞ்சி" என்றார். அவரது அம்மாவோடு நான் ஒரே வகுப்பில் படித்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் அவரை விடாமல் சேர் என்றே கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு முகம் ஒரு கோணல் போய்வரும்.

பிறேம் இருந்து கதைக்கமாட்டார். நடந்து நடந்துதான் கதைப்பார். கேள்வி கேட்டவர் பின்னால் போக வேண்டும். ஒலிக்கூடத்துக்குள் வந்தால் கதிரையின் முதுகில் கை வைத்துக்கொண்டு, காதைக் கொடுக்காமல் கண்ணைக் கொடுப்பார். திரையில் அலை அழகாக ஏறி இறங்கினால் சத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் முதல் சொல், "சிம்பிள்." மின்சாரம் நின்றாலும் சிம்பிள், ஆள் விலகினாலும் சிம்பிள். பெட்டியைப் பற்றி நான் சொன்னபோது, "ரஞ்சி, உது இரும்பு. இப்ப எல்லாம் சொவ்ட்வெயார். ஒரு பட்டனை அமத்தினா அதுவே ஒட்டிப்போடும்" என்றார்.

"நாடா வந்தா, சேர்?"

"ஆர் இனி நாடா கொண்டுவரப்போகினம்?"

ஒரு திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது பெட்டி இருந்த தட்டில் கோப்பி மெசின் இருந்தது. முற்றத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு டிரோன் பெரிய தும்பியைப் போல இரைந்துகொண்டு நின்றது. பண்டத்தரிப்பில் கலியாணவீட்டு வீடியோ எடுக்கும் சுதாகரிடம் பெட்டியைக் கொடுத்து டிரோனை மாற்றி எடுத்திருந்தார் பிறேம். கோப்பி மெசின் தனிக்கணக்கு. டிரோன் அந்தக் கிழமையே பக்கத்து வளவுப் பனையில் மோதி உச்சி ஓலை வட்டுக்குள் போய் இருந்துகொண்டது. அதை இறக்கப் பனை ஏறுபவர் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் இறங்கிவந்து, "உது ஏன் ஐயா அங்கை ஏறினது?" என்று கேட்டார். பிறேமிடமிருந்து சிம்பிள் என்ற சொல் வராத ஒரேயொரு சந்தர்ப்பம் அது.

ஆர் இனி நாடா கொண்டுவரப்போகினம் என்று கேட்டாரல்லவா, ஒருவர் கொண்டுவந்தார். வடமராட்சிக் கரையில் ஓர் ஊர். அங்கே கதிரித்தம்பியர் என்று ஒரு சம்மாட்டியார் இருந்தவர். சொந்தமாகக் கரைவலை வைத்து, ஆட்களைச் சேர்த்துக் கடலில் வளைத்துக் கரைக்கு இழுப்பவர். கரைவலை இழுக்கக் கரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு உண்டு, அதைப் பாடு என்பார்கள். கதிரித்தம்பியர் தன் பாட்டை இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் வாயால்தான் பிரித்துக் கொடுத்தார். அவர் இறந்ததும் எல்லை எது என்று பிள்ளைகளுக்குள் இழுபறி. கரையில் இரண்டு கல் இருக்கின்றன. மீன்பிடிக்காரர் தங்கும் வாடிக்குக் கிட்ட ஒன்று, கோயில் பக்கமாகத் தூரத்தில் ஒன்று. மூத்தவன் இராசனின் பங்கு மேற்கிலிருந்து தொடங்குகிறது என்பதில் சண்டையில்லை. அது கிட்டக் கல்லோடு முடிகிறதா, தூரக் கல் வரைக்கும் போகிறதா என்பதுதான் சண்டை. இரண்டு கல்லுக்கும் நடுவிலுள்ள கடல்தான் மீன் படுகிற கடல். கேட்டால் இரண்டு பக்கமும் அப்பு எனக்குத்தான் சொன்னவர் என்றது. ஒரு வருடமாக அந்த நடுத்துண்டில் ஒருவரும் வலை போடவில்லை. போட வந்தவர்கள் இரண்டு முறை கைகலந்து, பொலிசில் போய் நின்றார்கள்.

போருக்கு நடுவில் வந்த சமாதான காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கரைவலையைப் பற்றிப் படமெடுக்க வந்து, கிழவரைக் கரையில் இருத்திக் கதைக்க வைத்தவர். படம் முடியவேயில்லை. நாடாக்கள் மட்டும் அவர்கள் வீட்டுச் சூட்கேசில் கிடந்தன. அதில் அப்பு எல்லையைச் சொல்கிறார் என்று இராசன் நம்பினார். நாடாவை எங்களிடம் கொண்டுவந்தார். ஊர்ச் சங்கத்தில் போட்டுக் காட்டி, அதோடு முடிப்பது என்று இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

கமெராவிலிருந்த மைக் உப்புக் காற்றில் செத்துப்போயிருந்தது. அதில் உஸ் என்ற இரைச்சல் மட்டும்தான். நல்ல சத்தம் வேறு நாடாவில் இருந்தது. நாடா ஓட்டும் பழைய மெசின்கள் இரண்டும் களஞ்சிய அறையில் கிடந்தன, மாற்றி எடுக்க ஒருவரும் வராத காரணத்தால். பிறேம் இரண்டையும் துடைத்து, படத்தையும் சத்தத்தையும் தனித்தனியாகக் கொம்பியூட்டருக்குள் ஏற்றி, அந்தப் பட்டனைத் தானே அமத்தினார். அந்தப் பட்டன் கமெராவின் சத்தத்தையும் மற்றச் சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒட்டுகிற பட்டன். ஒரு பக்கம் வெறும் காற்று, மறுபக்கம் கிழவரும் கடலும். பட்டன் காற்றையும் கடலையும் ஒப்பிட்டுப் பார்த்து, மிகுந்த மகிழ்ச்சியோடு பச்சை அடையாளம் போட்டது.

முதல் காட்சிக்கு இரண்டு வீட்டாரும் வந்தார்கள். இராசன், இளையவன் தவம், தவத்தின் மனைவி சறோ. கிழவர் கவிழ்த்த வள்ளத்தில் இருக்கிறார். முகத்தில் பாதியைத் துவாய் மூடியிருக்கிறது, மீதியை மீசையும் சுருட்டும் பங்கு போட்டிருக்கின்றன. வாயைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"மூத்தவனுக்கு உந்தக் கல்லு மட்டும்."

மட்டும் என்றால் எங்கள் பேச்சில் வரைக்கும். திரையில் கிழவரின் விரல் தூரக் கல்லுக்கு நேரே நீண்டிருந்தது. உடனே எங்கிருந்தோ ஒரு குரல், "ஓம் அப்பு" என்றது. திரையில் வேறு ஆளில்லை.

"பாத்தியே? அப்புவின்ரை கை எங்கை நிக்குது?" என்று இராசன் எழும்பிவிட்டார்.

"உந்த எண்டா கிட்டக் கிடக்கிறது. தூரத்திலை கிடக்கிறதை அந்த எண்டெல்லோ சொல்லுவார்" என்றார் தவம்.

"கை காட்டுதடா, கை!"

பிறேம் என் பக்கம் குனிந்து, உந்த என்பதற்கு இங்கிலீசில் என்ன சொல் என்று கேட்டார். அப்படி ஒரு சொல் அங்கே இல்லை என்றேன். "அப்ப சிம்பிள்" என்றார்.

சறோ என்னைப் பார்த்து, "அக்கா, அதைத் திரும்ப ஒருக்காப் போடுங்கோ" என்றாள். போட்டேன். "மாமா உந்தக் கல்லு எண்டேக்கை சுருட்டை இழுக்கிறார். பாருங்கோ, கன்னம் உள்ளுக்கை போகுது. புகையை உள்ளுக்கை இழுத்துக்கொண்டு ஒரு மனிசன் கதைப்பாரோ?"

கிழவர் திரையில் கன்னம் ஒட்ட இழுத்துக்கொண்டே தெளிவாகச் சொத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓம் சொன்னது ஆர்?" என்று தவம் கேட்டார்.

"ஆரோ படம் எடுக்க வந்தவங்களோடை வந்தவன்" என்றார் இராசன் சட்டென்று.

தவம் அதை நம்பவில்லை. குரல்கள் உயர்ந்தன, கதிரை ஒன்று விழுந்தது. இது செத்த மனிசனின் வாயில் சொல்லைத் திணித்து எடுத்த படம், சங்கத்தில் போட்டால் நடக்கிறது வேறு என்று சொல்லிவிட்டுத் தவம் வெளியே போனார். சறோ வாசலில் நின்று, "அக்கா, உண்மை எண்டா உண்மையாக் காட்டுங்கோ. இனி அந்தக் கரையிலை ஆரும் கத்தி எடுத்தா, அது உங்கடை வீடியோவாலைதான்" என்றாள்.

நான் அடுத்த நாளே பஸ் ஏறிப் பண்டத்தரிப்புக்குப் போனேன். சுதாகர் நல்ல பிள்ளை. என்னைக் கண்டதும் கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார். பெட்டி எங்கே என்றேன்.

"அது நல்ல பெட்டி அக்கா. நல்ல தகடு."

"தகட்டை விடும். உள்ளுக்கை இருந்ததெல்லாம்?"

"உள்ளுக்கை இருந்ததைக் கழட்டிப்போட்டன். அது ஒண்டுக்கும் உதவேல்லை. போட்டுப் பாத்தனான், ஒரு சத்தமும் வரேல்லை."

"அது சத்தம் போடுற சாமான் இல்லைத் தம்பி."

"அதுதானே" என்றார், நானும் ஒத்துக்கொண்டேன் என்ற நிம்மதியோடு. பிறகு பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். பெட்டிக்குள் இப்போது மணவறை லைற்றுகளுக்கான மின்சார இணைப்புகள் இருந்தன. முகப்பில் நேரக்குறி ஓடும் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பும் பச்சையும் மாறிமாறி மின்னின. கழற்றிய பலகைகளைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். "கலியாணவீட்டிலை எல்லாரும் கேக்கினம் அக்கா, உது என்ன மெசின் எண்டு. ஜப்பான் எண்டு சொல்லுவன்." சோடாவைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கோபம் இருந்தது, ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு படத்தை ஒட்ட முடியாது. நாடாக்களில் நேரக்குறி இன்னும் இருக்கிறது, அதைக் கேட்கும் காதுதான் போய்விட்டது. மெசின்களின் பின்புறத்தில் நேரக்குறி வெளியே வரும் துளை ஒன்று உண்டு. அதில் வயரைச் செருகி ஸ்பீக்கரில் கேட்டால், பல்லைக் கூசவைக்கும் கீச்சுச் சத்தம் ஒன்று வரும். எண்தான் அப்படிக் கத்துகிறது. நாடாவைத் திரும்ப ஓடவிட்டு, கிழவரின் குரலோடு அந்தக் கீச்சையும் பக்கத்தில் பதிந்தேன். படத்துக்கும் அப்படியே செய்தேன். கீச்சை எண்ணாக்கித் தரும் சின்ன நிரல் ஒன்று கிடைத்தது. ஆக, சொவ்ட்வெயாரும் உதவியது, அதை ஒளிக்கவில்லை. ஆனால் மணிக்கூடுகளை இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால், கொஞ்சத் தூரம் சரியாக ஓடிப் பிறகு விலகும். விலகும் இடத்தில் வெட்டி, எண்ணைப் பார்த்து வைத்து, திரும்ப ஓடவிட்டு, திரும்ப வெட்டினேன். பெட்டி ஒரே ஓட்டத்தில் செய்கிற வேலை எனக்கு ஒரு கிழமை, ஏழு நாளும், எடுத்தது. பிறேம் இடையிடையே கதிரை முதுகில் கை வைத்துவிட்டுப் போனார். கீச்சுச் சத்தத்தின் அலையும் அழகாக ஏறி இறங்கியதால் அவருக்குத் திருப்தி.

என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கமெராக்காரர் இடையில் கமெராவை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். ஒலிநாடா நிற்காமல் ஓடியிருக்கிறது. பட்டன் அந்த இடைவெளியை விழுங்கிவிட்டு, ஒரு பேச்சின் கையை எடுத்து இன்னொரு பேச்சில் பொருத்திவிட்டது. தூரக் கல்லுக்கு விரல் நீளும்போது கிழவர் உண்மையில் சொன்னது இதுதான்: "அந்தக் கல்லடியிலை நிக்கிறது ஆரின்ரை மாடு?"

மாட்டைக் காட்டிய கையைக் கொண்டு கடலைப் பிரித்திருக்கிறோம்.

பிறேமுக்குக் காட்டினேன். முதல் முறையாக அவர் கதிரையில் இருந்தார். "ரஞ்சி, இதைச் செய்விக்கிறது மூத்தவர். எங்களுக்குக் கஸ்டமர் அவர்" என்றார்.

"ஓம் சேர்."

"அப்ப ரெண்டு வேர்ஷனையும் குடுப்பம். விரும்பினதை எடுக்கட்டும். சிங்க் எண்டது ஒரு கலை முடிவுதானே?"

"சேர், ஒரு மனிசனுக்குக் கையும் வாயும் ஒரே நேரத்திலைதான் வேலை செய்தது. அதிலை எங்களுக்கு என்ன முடிவு? பழசை நான் அழிச்சுப்போட்டன்."

அழித்திருந்தேன். அவர் எழும்பி நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் போகவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவந்து, இரண்டாம் காட்சியைத் தானே நின்று நடத்துவதாகச் சொன்னார்.

அதே மூவரும் வந்தார்கள். இந்த முறை தவம் கதவோரம் நின்றார். மாடு வந்தபோது சறோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இராசன் சிரிக்கவில்லை. பிறகு கிழவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார், துவாயை ஒதுக்கினார், கையை நீட்டினார். கமெரா மெதுவாகக் கையோடு திரும்பியது. வாடிக்குக் கிட்ட இருக்கும் கல். அந்தக் கல்லடியில் குந்தியிருந்து ஓர் இளைஞன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

"மூத்தவனுக்கு உந்தக் கல்லு மட்டும்."

இளைஞன் தலையை நிமிர்த்தினான். "ஓம் அப்பு" என்றான். வாயும் சொல்லும் ஒன்றாக வந்தன. மீசை அரும்பியிருந்தாலும், மெலிவாக இருந்தாலும், அது இராசன்தான் என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறேம்கூட நடக்கவில்லை.

"திரும்பப் போடுங்கோ அக்கா" என்றார் இராசன். போட்டேன். இன்னொரு முறை கேட்டார். அதையும் போட்டேன். அவர் அப்புவைப் பார்க்கவில்லை, அந்த இளைஞனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பிக்குக் கேட்காத குரலில், என்னிடம் குனிந்து, "அக்கா, அந்த ஓம் எண்ட சத்தத்தை மட்டும் எடுத்துவிடேலாதோ?" என்றார்.

"எடுக்கலாம் தம்பி. வாய் அசையும்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். கதவருகில் தம்பியைத் தாண்டும்போது நின்று, அவர் முகத்தைப் பார்க்காமலே, "சங்கத்திலை இதைப் போட வேண்டாம். கிட்டக் கல்லு. நானே சொல்லுறன்" என்றார். தவம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சறோ அவரது சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்புக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இராசன் சொன்னபடியே சங்கத்தில் எழும்பிச் சொன்னார் என்று பிறகு அறிந்தேன். எங்கள் பக்கத்திலும் ஒரு நன்மை விளைந்தது. அடுத்த கிழமையே எங்கள் இணையப் பக்கத்தில், அதிநவீனத் தொழினுட்பத்தால் குடும்பப் பிணக்குகளுக்குத் தீர்வு என்று ஒரு விளம்பரம் வந்தது. கீழே பிறேம் கைகட்டி நிற்கும் படம். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு நடந்தது அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நான் ஓய்வுபெற்ற நாளில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, இனி என் இடத்துக்கு ஆள் தேவையில்லை என்று பாராட்டாகவே சொன்னார். சனம் கை தட்டியது.

போன கிழமை மானிப்பாய்ச் சந்தையில் சறோவைக் கண்டேன். தங்கச்சி வீட்டுக்கு வந்தவளாம். நடுத்துண்டுக் கடல் எப்படி என்று கேட்டேன். தவத்தின் வலையை இழுக்க ஆள் போதவில்லையாம். ஒருநாள் விடிய, கூப்பிடாமலே, இராசன் வந்து வலையின் மற்றக் கயிற்றைப் பிடித்தாராம். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு கயிறு.

"அப்ப கதைக்கினமோ?" என்றேன்.

"கதை பேச்சு ஒண்டும் இல்லை அக்கா" என்றாள் சறோ, கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "ஆனா வலை வருது."